ரிமோட் ஒன்றா, இரண்டா? ஒரு தத்துவ விசாரணை

பிரம்மமும் ஜீவனும் ஒன்றா, வேறா என்ற கேள்விக்கு நம் ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகள் செலவிட்டார்கள். டிவிக்குத் தனி ஸ்பீக்கர் மாட்டிய வீட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரிமோட் ஒன்றா, இரண்டா என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வின் எல்லை வீட்டுக் கூடம். சமையலறை மிக்ஸியும் குக்கர் விசிலும் புறக்காரணிகளாகக் கொள்ளப்பட்டன.

தனி ஸ்பீக்கரே எதற்கு என்பது முதல் ஆட்சேபம். பழைய பிக்சர் டியூப் டிவிக்கு முதுகில் ஒரு தொந்தி இருந்தது. ஸ்பீக்கர் மூச்சுவிட அதில் இடம் கிடைத்தது. இன்றைய டிவி இளைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் பேசுகிறது, நாம் ஒட்டுக்கேட்கிறோம். ஆட்சேபம் தள்ளுபடி.

எழுந்து போய்த் திருகினால் ஆகாதா என்பது இரண்டாவது. சீரியல் பார்க்காதவர்தான் இப்படிக் கேட்பார். மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பார். அடுத்த நொடியே பின்னணி இசை இடியாக இறங்கும். பாட்டிக்கு முணுமுணுப்பு கேட்டாக வேண்டும். பிளஸ் டூ படிக்கும் பேத்திக்கு இடி கேட்கக் கூடாது. ஒரு அத்தியாயத்துக்குள் எத்தனை முறைதான் எழுந்திருப்பது?

உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தை அடக்கும் ஆசை அமெரிக்காவிலும் இருந்தது. ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி 1955-இல் டார்ச் போன்ற ஒரு கருவியைச் செய்தார். திரையின் நான்கு மூலைகளில் இருந்த ஒளியுணரிகளில் ஒன்றின்மீது வெளிச்சம் அடித்தால் விளம்பரத்தின் வாய் அடைபடும். ஜன்னல் வெயில் விழுந்தாலும் டிவி அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டதுதான் சங்கடம். மறு ஆண்டு ராபர்ட் அட்லரின் ஸ்பேஸ் கமாண்ட் வந்தது. உள்ளே சின்னச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்ட, மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும்பி வேலையை முடித்தது. அதற்குப் பேட்டரியே கிடையாது. பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டி மறுபடி போடும் கலை அவர்களுக்கு வாய்க்காமலே போயிற்று.

இனி சித்தாந்தங்கள். முதலாவது துவைதம்: டிவி வேறு, ஸ்பீக்கர் வேறு, ரிமோட்டும் வேறு. தோஷிபா 1983-இல் கொண்டுவந்த ஆப்டிகல் ஒயர் இந்த மடத்தைச் சேர்ந்தது. இதன் வழியே ஒலி எண்களாக, பெரும்பாலான டிவிகளில் ஒரே நிலையான அளவில் போகும். டிவி ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தால் ஸ்பீக்கருக்குத் தகவல் எட்டாது. அதற்கென்று தனி ரிமோட் வேண்டும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டையும் சேர்த்தால் மூன்று. மூன்றும் கறுப்பு, மூன்றுக்கும் பாலித்தீன் உறை. சவுண்ட்பாரை டிவிக்கு முன்னால் நீட்டி வைத்தவர் வீட்டில் வினை இரட்டிப்பு: டிவியின் அகச்சிவப்புக் கண் பெரும்பாலும் கீழ் விளிம்பில்தான் இருக்கும், சவுண்ட்பார் அதை மறைத்துக்கொள்ளும். அவ்வீட்டார் ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அழுத்துவதை வேண்டுதல் என்று விருந்தாளிகள் நினைக்கக்கூடும்.

இரண்டாவது விசிஷ்டாத்வைதம்: ஸ்பீக்கர் தனிப் பொருள்தான், ஆனால் டிவியின் ஆணைக்குள் அடக்கம். 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4-உடன் வந்த ஏ.ஆர்.சி. ஏற்பாடு இது. டிவியின் ஒலி அதே எச்.டி.எம்.ஐ. ஒயரில் திரும்பி ஸ்பீக்கருக்குப் போகும், சி.இ.சி. என்ற கட்டளை மொழி அதன் 13-ஆம் பின் வழியே ஓடும். அந்த மொழியில் டிவியின் விலாசம் 0, ஆடியோ கருவியின் விலாசம் 5. டிவி ரிமோட்டை அழுத்தினால் சுழியம் ஐந்தாமவருக்குச் சொல்லும், அவர் குரலைத் தாழ்த்துவார். இதே சி.இ.சி.யைச் சாம்சங் எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. செட்டிங்ஸில் எதைத் தேடுவது என்று தெரியாமல் பக்தன் தவிக்கிறான். ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில்தான் சொருக வேண்டும் என்பது இன்னொரு நியமம். எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் ஸ்பீக்கர் கண் திறக்காது. அருள் உண்டு, நேரம் நிச்சயமில்லை.

புளூடூத்தை மாயை என்று ஒதுக்குகிறேன். ஒயர் இல்லை, பல டிவிகளில் ரிமோட்டுக்கும் அடங்கும். ஆனால் ஒலி தாமதமாக வரும். படத்துக்கு 125 மில்லிசெகண்ட் பிந்தினாலே மனிதர்கள் கண்டுகொள்வார்கள் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். சாதாரண புளூடூத் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஹீரோ வாயை மூடியபின் பஞ்ச் வசனம் வந்தால் விசிலடிப்பது எந்த இடத்தில்?

மிஞ்சுவது அத்வைதம்: ரிமோட் ஒன்றே. அதன் ஆலயம் டிவியின் முதுகில் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை. பெரும்பாலான டிவிகளில், ஒலியளவை நிர்ணயித்த பிறகே அந்தத் துளைக்கு ஒலி வருகிறது. ஆகவே ஸ்பீக்கரின் திருகை ஒருமுறை நடுத்தரமாக வைத்துவிட்டால், பிறகு டிவி ரிமோட்டே ஆளும். ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய எந்தப் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் இதற்குப் போதும். சுற்றிலுமிருந்து ஒலிக்கும் 5.1 கிடைக்காது, இரண்டு சேனல்தான். சீரியலில் பின்பக்கமாக வந்து தாக்குபவர் யாருமில்லை. துளை இல்லாத டிவிகள் பெருகிவருவது இம்மதத்துக்கு நேர்ந்த உண்மையான சோதனை. சிலவற்றில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டும் இருக்கும். அங்கே ஆடியோ அவுட்டை ‘ஃபிக்ஸ்டு’ என்பதிலிருந்து ‘வேரியபிள்’ என்று மாற்ற முடிந்தால் அதே பலன். செட்டாப் பாக்ஸின் சத்தத்தை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, அந்த ரிமோட்டுக்கு டிவியின் வால்யூம் பொத்தானைக் கற்றுக்கொடுக்க முடிந்தால் இரண்டாவது ரிமோட்டும் முக்தி அடையும்.

எனவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். ஸ்பீக்கர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புமுன் டிவியைச் சற்றே திருப்பி முதுகைப் பாருங்கள். ஹெட்போன் துளை இருந்தால் ஒருபக்கம் 3.5 பின், மறுபக்கம் சிவப்பு வெள்ளைப் பின் உள்ள ஒயரைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஆப்டிகல் ஒயரைத் தலையில் கட்டப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.