உறைக்கு ஓர் உரை

கூரியரில் வரும் பொருளுக்குத் தாளுறை நல்லதா, பிளாஸ்டிக் உறை நல்லதா என்ற வினா மேலை நாடுகளில் ஆய்வுக்கூடங்களுக்குப் போயிருக்கிறது. சென்னை ஆழ்வார்பேட்டையில் அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. டி.டி.கே. சாலையிலிருந்து உள்ளே திரும்பி நடந்தால், கட்டுக்கட்டான செய்தித்தாளுக்கும் மடித்து அடுக்கிய அட்டைப் பெட்டிக்கும் நடுவில் ஒரு தராசு இருக்கும். அந்தத் தராசின் பக்கம் நின்று எழுதப்படுவது இக்கட்டுரை. நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

ஆய்வுக்களம்: எல்டாம்ஸ் சாலைக்கும் சி.பி. ராமசாமி சாலைக்கும் இடைப்பட்ட அடுக்ககங்கள். ஆய்வுக்கருவி: கத்தரிக்கோல், அது தேடும்போது கிடைக்காது என்பதால் சாவி, அதுவும் இல்லையென்றால் பல்.

தொல்காப்பிய மரபு வாழ்வை அகம், புறம் என்று பிரித்தது. பார்சலுக்கு இப்பிரிவு கனகச்சிதமாகப் பொருந்துகிறது. புறத்தே அட்டைப் பெட்டி. அகத்தே குமிழி குமிழியாகப் பபிள் ராப். அதற்கும் அகத்தே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவ். மீதியெல்லாம் காற்று. அக்காற்றுக்கு எத்திணை என்பதை எந்த உரையாசிரியரும் சொல்லாமல் விட்டது தமிழுக்கு நேர்ந்த இழப்பு.

இனி வரலாறு. பபிள் ராப்பை 1957-இல் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் சவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் செய்தார்கள். சுவர்கள் அதை ஏற்கவில்லை, பார்சல்கள் ஏற்றுக்கொண்டன. பிளாஸ்டிக் கைப்பையை 1960-களில் வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாஃப் துலின். தாள் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கவே தந்தை அதைச் செய்தார் என்று அவர் மகன் பின்னாளில் சொன்னார். மரத்தைக் காக்கப் பிளாஸ்டிக் வந்தது. இப்போது கடலைக் காக்கத் தாள் திரும்பி வருகிறது. அமேசான் இந்தியா 2020-இலேயே தன் கிடங்குகளில் பபிள் ராப்பை நிறுத்திவிட்டுக் கசக்கிய தாளைத் திணிக்கத் தொடங்கியது. மரத்தின் கருத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் அவசரமாகக் கேட்கவும் வேண்டாம்: 1979-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்தே தாள் செய்து பேர் வாங்கியது.

அடுத்து பூர்வபட்சம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் புவிவெப்பக் கணக்கில் வெல்லத் தாள் பை 3 முறை உழைக்க வேண்டும், பருத்திப் பை 131 முறை உழைக்க வேண்டும். 2018-இல் டென்மார்க் ஓசோன் சிதைவு முதலான எல்லாக் கேடுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சாதாரணப் பருத்திப் பைக்கு 7,100 முறை என்றது. இரண்டும் கடைப் பைகளைப் பற்றியவை, தபால் உறைகளைப் பற்றியவை அல்ல. ஆனால் சாதகமான இடத்தில் எல்லையை நீட்டிக்கொள்வது ஆய்வுலக மரபு. டேனிஷ் கணக்கை நம்மூர்த் தாம்பூலப் பைக்குப் பொருத்துவோம். தினம் ஒருமுறை காய் வாங்கப் போனாலும் ஒரு பை கடன் தீர்க்க 19 ஆண்டுக்கு மேலாகும். ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாணத்துக்குப் போய் வந்த குடும்பம் பேரன் காலம்வரை காய் வாங்கியாக வேண்டும்.

தாளுக்குச் சொன்ன மூன்று முறைதான் இங்கே நின்று பார்க்க வேண்டிய இடம். ஏனென்றால் அதை முன்பு ஆழ்வார்பேட்டை அநாயாசமாகச் செய்துகொண்டிருந்தது. பங்குகள் வைத்திருந்த ஓய்வுபெற்ற மாமாக்கள் தபால் உறையை ஓரம் நறுக்கிப் பிரிப்பார்கள். உட்புறத்தில் இஸ்திரிக் கணக்கு. கணக்கு தீர்ந்ததும் அது மடிந்து ஆடும் மேசைக்காலுக்கு அடியில் போகும். கம்பெனி ஆண்டறிக்கைகளோ உள்ளே தெரியும் பாலிதீன் உறைக்குள் பளபளவென்று வரும்; ஒன்றைத் தூக்கினாலே தராசு மரியாதையாகத் தாழும். 2011-இல் அவற்றை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. காடுகளுக்கு அது நன்மை. பேப்பர் கடைக்கு அது இடி. இன்றைய உறையையோ நாம் நறுக்குவதில்லை, கிழிக்கிறோம். கிழிந்த உறைக்கு இரண்டாம் பிறவி இல்லை.

பிளாஸ்டிக் கட்சிக்கு இவ்வட்டாரத்தில் ஒரு வலுவான சாட்சி உண்டு: ஐப்பசி. தபால்காரர் நனைந்தாலும் பாலிதீனுக்குள் வரும் பத்திரிகை நனையாது. நனைந்த தாளுக்கு எடை கூடும் என்பது உண்மையே. அதைக் கடைக்காரர் நமக்கு முன்பே அறிவார்.

இப்போது சித்தாந்தம். தாள், பிளாஸ்டிக் என்ற பகுப்பே பிழை. உறைகள் இரண்டே சாதி: பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுவது, ஏறாதது. இதற்குச் சான்று பால் கவர். கலப்பில்லாத பிளாஸ்டிக்தான், ஆனால் கழுவி, காயவைத்து, கட்டாகச் சேர்த்தால் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அது உருகி மறுபடி பிளாஸ்டிக்காகிவிடும். மாறாக, வெளியே பழுப்புத் தாளும் உள்ளே குமிழியுமாக ஒட்டி வரும் அந்தப் பண்பட்ட கூரியர் உறை இருக்கிறதே, தாள் ஆலைக்கு அதில் பிளாஸ்டிக் உறுத்தும், பிளாஸ்டிக் ஆலைக்குத் தாள் உறுத்தும். பார்வைக்குச் சாது, பிறப்பில் இரட்டை. பழுப்பு டேப் சுற்றிய தாளுறையும் ஏறக்குறைய இதே கதிதான். தராசு ஏற்காதது தேனாம்பேட்டை மண்டல வண்டியில் ஏறிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக்கிடங்குக்குப் போகும். 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது பலருக்கு நினைவிருக்கும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பிலிருக்கும் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடைக்கு இந்த இரட்டைப் பிறவியைப் பற்றி ஒரு துணைவிதி எழுதித் தரலாம் என்று முதலில் தோன்றியது. அதற்கு முன் கருத்துக் கேட்கலாமே என்று கடைக்காரரிடம் ஒன்றை நீட்டினேன். இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார், உள்ளே குமிழியைத் தடவினார், திருப்பிக் கொடுத்தார். “அனுப்புன கம்பெனிக்கே ரிட்டர்ன் போடுங்க சார்,” என்றார்.

திருப்பி அனுப்ப அதை எந்த உறையில் போடுவது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டு விவாதம்.