மழை படாத வாரன்டி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தளம் ஒழுகாமல் காக்கும் கம்பெனி.

ஐயன்மீர்,

அன்னவாசலில் ஐப்பசி அடைமழை. நானும் வீட்டாரும் நலம். ஹாலில் வரிசையாக நிற்கும் இரண்டு வாளி, ஒரு குண்டான், பேத்தியின் பழைய குளியல் டப்பா ஆகியோரும் நலம். கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஓசியில் விளம்பரம் எதற்கு?

சித்திரையில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து மொட்டை மாடியில் வெள்ளைக் கெமிக்கலை இரண்டு கோட் அடித்தார்கள். 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பத்து வருஷ வாரன்டி கார்டைக் கொடுத்தார்கள். எங்கள் கொத்தனார் அன்றைக்கே சொன்னார்: “தளத்துக்கு வாட்டமே இல்ல, தண்ணி நடுவுல நிக்கிது. அதச் சரிபண்ணாம எதப் பூசுனாலும் நிக்காதுங்கய்யா.” கார்டு வழவழவென்று இருந்ததால் கொத்தனாரை நான் நம்பவில்லை.

ஆவணியில் ஒரு சாயங்கால மழைக்கே ஒழுகியது. என் அழைப்பு உங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு அம்மாள் குரலில் நாலு நாள் கேட்டு மகிழ்ந்தேன். பிறகு இன்ஜினியர் தம்பி வந்தார். ஒழுகும் இடத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே மாடிக்குப் போய், கைப்பிடிச்சுவர் ஓரம் ஒட்டிக்கிடந்த கூழ்வடகத் துணுக்கு ஒன்றை மூன்று கோணத்தில் படம் எடுத்தார். மறுவாரம் மெயில்: தளத்தை வடகம் காயவைக்கப் பயன்படுத்தியதால் வாரன்டி செல்லாது.

அதற்குப் பிறகுதான் கார்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். கனமழை, கடும் வெயில், கட்டட அசைவு, தண்ணீர் தேங்குதல், ஆள் நடமாட்டம்: இவற்றால் வரும் கசிவுக்குக் கம்பெனி பொறுப்பல்ல. மழையைக் கழித்துவிட்டால் தளம் வேறு எதற்கு ஐயா ஒழுகும்? பத்து வருஷமும் மேகம் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று முன்பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் சித்தன்னவாசல். 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அங்கே குடைவரையைப் புதுக்கி முன்மண்டபமும் எடுத்தார். ரிப்பேர் செய்தவர் இன்னார் என்று பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பில்லில் வேலை செய்தவர் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சுண்ணச் சாந்தின் மேல் எழுதிய தாமரைக் குளம் அந்தக் குடைவரை விதானத்தில் மங்கலாக இன்றும் தெரிகிறது. நியாயமாகச் சொன்னால், இளங்கௌதமன் எடுத்த முன்மண்டபம் நிலைக்கவில்லை. இப்போது முன்னால் நிற்பவை குடுமியான்மலையிலிருந்து வந்த தூண்கள். ஆனால் அவர் யாருக்கும் கார்டு கொடுக்கவில்லை.

வழக்கென்றால் சென்னை நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும் என்றும் பொடி எழுத்தில் கண்டேன். உங்கள் அன்புக்கு நன்றி. அவ்வளவு தூரம் அலைய வேண்டாமாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு. ஒருதலையான ஒப்பந்தத்துக்கு அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன், பில், கார்டு, மெயில் மூன்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். வடகத்தின் படத்தை நீங்களே அனுப்பியிருப்பதால் அந்தச் செலவும் மிச்சம்.

ஒரு வேண்டுகோள். கார்டில் தேதியும் முத்திரையும் கலைந்து ஊதாவாகப் பரவியிருக்கின்றன. அதைக் காட்டி இதுவும் செல்லாது என்று சொல்லிவிடாதீர்கள். பீரோ மேல், உங்கள் தளத்துக்கு நேர் கீழேதான் வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
குடை பிடித்தபடி எழுதும்
உங்கள் வாடிக்கையாளன்,
அன்னவாசல்.