ஈர்க்கில் வைத்தியம்

நாஞ்சில் நாட்டில் தென்னைக்கும் பஞ்சமில்லை, ஈர்க்கிலுக்கும் பஞ்சமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பல்லைக் குத்திய ஈர்க்கில் அப்படியே காதுக்குப் பதவி உயர்வு பெறும். ஈர்க்கில் அகப்படாத நாகர்கோவில்காரருக்கு ஊக்கு, கொண்டை ஊசி, ஸ்கூட்டர் சாவி. “காது அரிச்சா என்னவே செய்ய?” என்பார், ஒரு கண் சொருகி, வாய் கோணியபடி.

காதின் கட்சி வேறு. குறும்பி என்பது அழுக்கல்ல, தூசியை உள்ளே விடாத காவல்காரன். காதுக்குழாயின் வெளிப்பகுதியில் ஊறி, நாம் மெல்லும்போது தாடை அசைய அசைய, தானே வெளியேறிவிடும். பஞ்சுக்குச்சியோ அதைப் பிடித்து உள்ளே தள்ளிக் குடியமர்த்துகிறது. குழாயின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், குச்சியோ அதைப்போல் மூன்று மடங்கு. மிச்சத்தை எங்கே செலுத்துவதாக உத்தேசம்?

பிளாஸ்டிக் தண்டுள்ள பஞ்சுக்குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. சுற்றுச்சூழலுக்காகத்தான், காதுக்காக அல்ல. காகிதத் தண்டும் மூங்கில் தண்டும் வந்து சேர்ந்தன. இனி செவிப்பறையை இயற்கை முறையில் கிழித்துக்கொள்ளலாம்.

அடைப்பென்றால் இளஞ்சூட்டில் இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அதுவும் ஆகாது. நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு பஸ் ஏறவேண்டியதுதான். டாக்டரும் கருவி விட்டுத்தான் எடுப்பார். ஆனால் அவர் விளக்கடித்துப் பார்த்து எடுப்பார்; நாம் கண்ணை மூடி ரசித்து எடுக்கிறோம்.