கட்-ஆஃப் அங்கிள்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோடு நெடுக இவரைப் பார்க்கலாம். மற்ற மாதங்களிலும் இருப்பார், ஆனால் அப்போது வெறும் மனிதர். வாட்டர் கேனுக்குப் போன் போடுவார், குப்பை வண்டிக்குக் காத்திருப்பார், பேத்தியை டியூஷனில் விடுவார். ரிசல்ட் வந்த நிமிஷத்தில் அவருக்குப் பதவி வந்துவிடும். தெருவில் பதினேழு வயதுத் தலை ஒன்று தெரிந்தால் போதும், வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்பார்: "இன்னா தம்பி, கட்-ஆஃப் எவ்ளோ?"

மார்க் எவ்வளவு என்று கேட்பவர் சாதாரணச் சொந்தக்காரர். கட்-ஆஃப் கேட்பவர்தான் நம்மவர். கணக்குக்கு நூறு, பிசிக்ஸ் ஐம்பது, கெமிஸ்ட்ரி ஐம்பது என்று இன்ஜினியரிங் சீட்டுக்கு இருநூறுக்குக் கணக்குப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பையன் மூன்றாவது மார்க்கைச் சொல்லி வாயை மூடுவதற்குள் "நூத்தி அறுபத்தி மூணரை" என்பார். அந்த அரை கூடத் தப்பாது. பையன் காமர்ஸ் குரூப் என்று தெரிந்தால் மட்டும் முகம் சற்று வாடும். துக்கம் விசாரிக்கிற குரலில், "பரவால்ல, சி.ஏ. பண்ணிடு" என்பார். சி.ஏ. என்பது ஏதோ சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து வாங்குகிற வேலை மாதிரி.

திருமுல்லைவாயல் பக்கம் ஓர் அங்கிள் இன்னும் "என்ட்ரன்ஸ்ல எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். 1984இல் வந்த அந்த இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து கிடையாது. அவர் விசாரிக்கிற பையன்கள் அப்போது பிறக்கவே இல்லை. எடுத்துச் சொன்னால், "அதான் தரம் போச்சு" என்று முடித்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்கிற அட்வைஸை வைத்தே அவர் எந்த வருஷத்து ஆள் என்று சொல்லிவிடலாம். மூத்தவர் எச்.வி.எஃப். அங்கிள். எச்.வி.எஃப். என்றால் 1961இல் ஆவடியில் வந்த டாங்கி ஃபேக்டரி; 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது. அங்கே அப்ரண்டிஸாக நுழைந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உலகத்தில் வேலை என்றால் ஒன்றுதான். "எந்தக் காலேஜ்ல வேணா சேரு, ஆனா சென்ட்ரல் கவர்மென்ட் எக்ஸாம் எழுது." 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி வாரியத்தைக் கலைத்து, ஃபேக்டரியை ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். அதிலிருந்து இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு லேசாகத் தொண்டை கட்டுகிறது. "அதுவும் கவர்மென்ட் கம்பெனிதானே" என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிவிட்டு மேலே போவார்.

அடுத்தவர் எஸ்டேட் அங்கிள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு லேத் மெஷின் போட்டு, பாடி பக்கத்துப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்தவர். "கையில தொழில் இருந்தா எங்க போனாலும் சோறு" என்பார். இதே அங்கிள் தன் மகனை லேத் பக்கம் விட்டதில்லை. ஷெட்டுக்கு எதிரே கண்ணாடிக் கட்டடம் எழும்பி, கழுத்தில் டேக் தொங்கவிட்ட பிள்ளைகள் ஏசிக்குள் போய் வருவதைப் பார்த்த பிறகு அவருடைய தத்துவத்திலும் கண்ணாடி வந்துவிட்டது.

1984க்குப் பிறகு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்கள் வந்தன. ஆவடி, பூந்தமல்லி, தண்டலம் என்று எங்கள் பக்கத்து வயல்களில் நெல் போய் காலேஜ் விளைந்தது. காலை ஏழரைக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் நின்றால், காலேஜ் பஸ்களுக்கு நடுவே மாநகரப் பேருந்து எங்கே என்று தேட வேண்டும். மாநிலத்தில் இன்ஜினியரிங் காலேஜ்கள் ஐந்நூறைத் தாண்டிய அந்த நாட்களில் உருவானவர்தான் இப்போது நிறைய இருக்கிற மூன்றாம் ரகம். "மெக்கானிக்கல் எவர்கிரீன் தம்பி" என்று ரொம்ப நாள் சொன்னார். பிறகு "சிவில் எடு, ரியல் எஸ்டேட் பிக்கப் ஆகுது" என்றார். இப்போது அவர் வாயில் ஏ.ஐ. தவிர வேறெதுவும் வருவதில்லை. "ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் கெடைச்சா ஏ.ஐ. டேட்டா சயின்ஸ், இல்லன்னா ஏ.ஐ. மெஷின் லேர்னிங், அதுவும் இல்லன்னா சி.எஸ்.ஈ. வித் ஏ.ஐ." பையன் வேறு ஏதாவது ஆசைப்பட்டால் அதற்கும் மருந்து கைவசம் இருக்கிறது: "எது எடுத்தாலும் கூடவே ஒரு பைத்தான் கோர்ஸ் போட்டு வெச்சுக்கோ. பின்னாடி யூஸ் ஆகும்." 2024 நவம்பரில் பட்டாபிராமில் இருபத்தொரு மாடி டைடல் பார்க் திறந்ததிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை. அதில் இவருக்கும் ஒரு மாடி சொந்தம் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள்.

ஆன்ட்டிகளும் உண்டு. அவர்கள் கேள்வி ஒன்றே: "வீட்லேர்ந்து எவ்ளோ தூரம்?" பெண்பிள்ளைகளின் படிப்பை அவர்கள் கிலோமீட்டரில் அளக்கிறார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சிரிப்பு வருமா என்பது சந்தேகம்.

அங்கிளின் முழு விஸ்வரூபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கலந்தாய்வு சமயத்தில் பிரௌசிங் சென்டருக்குப் போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, பெரிய திரையில் சீட் கரைவதைப் பார்த்து அழுத காலம் 2018இல் ஆன்லைன் வந்ததும் போய்விட்டது. இப்போது அழுகை எல்லாம் பத்துக்குப் பத்து ரூமில், ஒரே மின்விசிறிக்கு அடியில். ஒரு பையன், அவன் அம்மா, சென்டர்காரர், பின்னால் நம் அங்கிள். அம்மா எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸில் தைக்கிறவர், அரை நாள் பெர்மிஷன் போட்டு வந்திருக்கிறார். பையனுக்கு மெக்கானிக்கல் ஆசை. பழைய பைக் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுவிடுவான், பாதி நேரம் திரும்பச் சேர்த்தும்விடுவான்.

"மெக்கானிக்கலா?" என்றார் அங்கிள். ரிடையர் ஆகிற வயசுவரை மெஷின் ஓட்டிய எச்.வி.எஃப்.காரர் அவர். "வேணாம்டா. எண்ணெயும் அழுக்கும். என் கையைப் பாரு." காட்டினார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு ரிடையர் ஆகியும் போகவில்லை. அந்தக் கையாலேயே மானிட்டரைத் தொட்டுத் தொட்டு, "இதைக் கீழ எறக்கு, அதை மேல ஏத்து" என்று சொல்லிக்கொண்டு வந்தார். திரையெல்லாம் விரல் தடம். சென்டர்காரர் துணியால் துடைப்பார், இவர் மறுபடி தொடுவார். நான்காவது சாய்ஸிலிருந்த மெக்கானிக்கல் பத்தொன்பதுக்குப் போயிற்று. அம்மா, "அண்ணன் சொல்றது சரிதான்டா, அவருக்குத் தெரியாததா" என்றார். பையன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அங்கிள் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் மட்டும் மௌஸ் இரண்டு முறை க்ளிக்கியது. ஆதார் பிரிண்ட் எடுக்க வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை, நானும் சொல்லவில்லை.

இவரைக் கிண்டல் செய்வது சுலபம், நானே செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதையும், அதைக் கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதையும் சொன்னவர் இவர்தான். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கிலும் ஏழரை சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டிவிடும் என்பதும் இவர் சொல்லித்தான் அந்த வீட்டுக்குத் தெரியும். ஜாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் மாறியிருந்ததை இ-சேவை மையத்தில் மூன்று மணி நேரம் நின்று சரி செய்ததும் இவரே. காசு வாங்கவில்லை, டீ கூட அவர் காசு. அதோடு நிறுத்தியிருந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். அந்த அம்மா கேட்டது எந்த ஆபீஸில் எந்தக் காகிதம் என்று. இவர் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வாழ்க்கையையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

யாருடைய வாழ்க்கையை என்பதுதான் வேடிக்கை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் பிடிபட்டுவிடும். "அப்பா சொன்னார்னு தலையாட்டாத", "மெஷின் பக்கம் போகாத", "ஃபர்ஸ்ட் இயர்லயே இங்கிலீஷ் பேசக் கத்துக்கோ, யாரு சிரிச்சாலும் பேசு." இதெல்லாம் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு எப்படிப் பொருந்தும்? அவனுக்கு அப்பாவே இல்லை. மெஷின் என்றால் உயிர். இங்கிலீஷில் கேம் ஆடுகிறவர்களோடு ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறான். அங்கிள் பேசுவது எண்பதுகளில் அரும்பு மீசையோடு ஆவடி ஸ்டேஷனில் நின்ற இன்னொரு பையனிடம். அவனுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சீட் வந்தது. சீட்டுக் கடிதத்தை அப்பா மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்ரண்டிஸ் ஃபாரத்தை எடுத்து நீட்டினார். அவனைத்தான் இவர் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறார். நடுவில் மாட்டுகிறவன் கட்-ஆஃப் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேர்ந்த பிறகும் விடமாட்டார். ரயிலில் போகிற பையன்களுக்குத் தனிப் பாடம். "திருவள்ளூர் பக்கத்திலேர்ந்து பசங்க தாளம் தட்டிக்கினு வருவானுங்க, அந்தப் பெட்டியில ஏறாத. அந்தக் கும்பலுக்கு ரூட்டு தல யாருன்னு தெரிஞ்சுக்கோ, ஆனா அவன் உன்னைத் தெரிஞ்சுக்கக் கூடாது. லேடீஸ் கோச்சுக்குப் பக்கத்துப் பெட்டியில ஏறு, போலீஸ் இருக்கும்." பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, "லேடீஸ் கோச்சுக்காக ஏறாத" என்று ஒரு திருத்தம் போடுவார். "அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சுக்குக் கீழ போனா காண்டனேஷன் கட்டணும். எம்-ஒன் கணக்குல அரியர் வெச்சா அது ஃபைனல் இயர் வரைக்கும் கூடவே வரும்." இந்த விவரமெல்லாம் பெரும்பாலும் சரி. காலேஜ் வாசலையே மிதிக்காதவருக்கு எம்-ஒன் எப்படித் தெரியும் என்றால், கேட்டுக் கேட்டுத்தான். ஊர்ப் பையன்கள் வைத்த அரியர் அத்தனையும் இவர் மனசில் பாக்கி நிற்கிறது.

பைக் பிரிக்கிற பையன் இப்போது பூந்தமல்லி பக்கம் ஒரு காலேஜில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். சாயங்காலம் அதே பிரௌசிங் சென்டரில் பார்ட் டைம். போன மாசம் அங்கிள் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். பழைய மார்க் ஷீட் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார், மடிப்பெல்லாம் செல்லோ டேப். மெட்ராஸ் யுனிவர்சிட்டி தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு அப்ளிகேஷன் போட வேண்டுமாம்.

பையன் மார்க் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்தான். முகத்தில் ஒரு பொறுப்பு வந்தது.

"ஹிஸ்டரியா? அதுக்கு ஸ்கோப் இல்லையே அங்கிள்."

"ஸ்கோப் எல்லாம் நான் பார்த்தாச்சு. நீ டைப் அடி."

"அடிக்கிறேன். ஆனா எதுக்கும் கூடவே ஒரு பைத்தான் கோர்ஸ் போட்டு வெச்சுக்கோங்க. பின்னாடி யூஸ் ஆகும்."

அங்கிள் அவனை ஒரு முறை முறைத்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எத்தினி மாசம்?" என்றார்.