மணிக்கயிறு யார் கையில்?

சென்ற இதழில் நியூயார்க் நகரத்தின் ‘பப்ளிக் அட்வகேட்’ பதவி பற்றி ஒரு வரி எழுதினேன். தபால்பெட்டி நிரம்பிவிட்டது. இந்த வாரம் முழுக்க அதற்கே.

கே: பப்ளிக் அட்வகேட் என்றால் அரசு வக்கீலா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. வக்கீல் பட்டமே தேவையில்லை. நியூயார்க் நகரம் முழுவதும் சேர்ந்து வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிகள் மூன்று. மேயர் நகரத்தை நடத்துகிறார். கம்ப்ட்ரோலர் கணக்கைத் தணிக்கை செய்கிறார். நிர்வாகம் மக்களை எப்படி நடத்துகிறது என்று கேட்கிறவர் பப்ளிக் அட்வகேட். மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணியை ஓர் ஆளாக்கி, அந்த ஆளை மக்களே தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இந்தப் பதவி.

கே: யாருக்கு உதித்த யோசனை இது? (வாசகி, கோவை)

ஒரு வழக்கின் விளைவு என்றே சொல்ல வேண்டும். ‘போர்டு ஆஃப் எஸ்டிமேட்’ என்ற எட்டுப் பேர் குழுதான் முன்பு நகரத்தின் பணத்தையும் நிலத்தையும் தீர்மானித்தது. அதில் 20 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த புரூக்ளினுக்கும் ஒரு வாக்கு, நான்கு லட்சத்தை எட்டாத ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் ஒரு வாக்கு. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற நெறிக்கு இது விரோதம் என்று 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குழு கலைந்தது. அதில் இடம்பெற்றிருந்த நகர மன்றத் தலைவர் பதவி, 1993-ல் பப்ளிக் அட்வகேட் என்று பெயர் மாறியது. அந்தப் பெயரில் முதலில் வென்றவர் மார்க் கிரீன், 1994-ல் பொறுப்பேற்றார்.

கே: அதிகாரம் என்ன இருக்கிறது? (வாசகர், நெல்லை)

நகர மன்றத்தில் சட்ட முன்வடிவு கொண்டுவரலாம்; வாக்களிக்க முடியாது. நகரத் திட்டக் குழுவுக்கு ஓர் உறுப்பினரை நியமிக்கலாம். நகர ஊழியர் ஓய்வூதிய நிதியின் அறங்காவலர்களில் ஒருவர். மேயர் நாற்காலி காலியானால், சிறப்புத் தேர்தல் நடக்கும்வரை மேயர் பொறுப்பு இவருடையது.

வாக்கில்லாதவரால் என்ன ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். காவலர்கள் தெருவில் ஒருவரை நிறுத்தி விசாரித்தால், சின்ன விசாரணையானாலும் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டத்தை முன்வைத்தவர் இப்போதைய பப்ளிக் அட்வகேட் ஜுமானி வில்லியம்ஸ். மன்றம் நிறைவேற்றியது. அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் 2024 ஜனவரியில் ‘வீட்டோ’ அதிகாரத்தால் அதைத் தடுத்தார். அதே மாதக் கடைசியில் மன்றம் அந்தத் தடையைத் தோற்கடித்தது. இருவரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கே: குரைக்கிற நாய் கடிக்காது. பிறகு எதற்குக் காவல்? (வாசகர், மதுரை)

கடிக்காது என்பது திருடனுக்கு ஆறுதல் இல்லை. குரைத்தால் ஊர் விழித்துக்கொள்ளுமே! பில் டி பிளாசியோ இந்தப் பதவியில் இருந்த 2010-ல், நகரத்தின் மிக மோசமான வீட்டுச் சொந்தக்காரர்களின் பட்டியலை வெளியிடத் தொடங்கினார். கட்டடத்தில் தீர்க்கப்படாத விதிமீறல்கள் எத்தனை என்ற கணக்கில் தயாராகும் பட்டியல் அது. பெயர் பத்திரிகையில் வரும் என்ற பயம், அபராதம் செய்யாத வேலையையும் செய்யும்.

தேவைப்பட்டால் கோர்ட்டுக்கும் போகலாம். காவலர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை மார்க் கிரீன் கேட்டபோது, மேயர் ஜூலியானியின் நிர்வாகம் தர மறுத்தது. கிரீன் வழக்குப் போட்டு வென்றார்.

கே: புகாருக்குத்தான் 311 என்ற தொலைபேசி எண் இருக்கிறதே? (வாசகி, ஜெர்சி சிட்டி)

இருக்கிறது, 2003 முதல். நல்ல ஏற்பாடு. அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுச் சொந்தக்காரர் வாடகை வீட்டுக்குச் சூடு தந்தாக வேண்டும். வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் உள்ளே 68 டிகிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் 311-ஐ அழைக்கலாம். ஆனால் அது நிர்வாகத்தின் தொலைபேசி. அந்த நிர்வாகமே தவறினால் யாரிடம் போவது? ஒரே தெருவிலிருந்து ஐம்பது அழைப்பு வந்தால், அவை ஐம்பது தனித்தனிப் புகார்களா, ஒரே அநியாயமா? அதைப் பிரித்துச் சொல்ல, நிர்வாகத்துக்கு வெளியே நிற்கும் ஆள் வேண்டும்.

கே: இவருக்குச் சம்பளமும் செலவும் யார் தருகிறார்கள்? (வாசகர், சேலம்)

சரியான நரம்பைத் தொட்டீர்கள். எந்த மேயரையும் மன்றத்தையும் கேள்வி கேட்க வேண்டுமோ, அவர்களே இந்த அலுவலகத்தின் பட்ஜெட்டையும் முடிவு செய்கிறார்கள். 2009-ல் அது சுமார் 40 சதவீதம் வெட்டப்பட்டது. கேட்பவரின் தொண்டையை நெரிக்க இதைவிடச் சத்தமில்லாத வழி கிடையாது. இனி பட்ஜெட் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று 2019 நவம்பர் பொதுவாக்கெடுப்பில் மக்களே விதி எழுதினார்கள்.

கே: மேயர் பதவிக்கான ஏணிப்படி என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

உண்மை. டி பிளாசியோ இங்கிருந்து மேயரானார். லெட்டிஷியா ஜேம்ஸ் இங்கிருந்து மாநில அட்டர்னி ஜெனரலானார். ஏறுவது குற்றமில்லை. நின்ற படியில் வேலை செய்துவிட்டு ஏறினாரா என்பதே கேள்வி.

கே: தோற்கப்போகிற நல்லவரை ஆதரித்து வாக்கை வீணாக்கலாமா? (வாசகி, ஈரோடு)

நார்மன் சீகல் என்ற சிவில் உரிமை வக்கீல் 2001, 2005, 2009 என மூன்று முறை இந்தப் பதவிக்கு நின்றார். மூன்று முறையும் தோற்றார். அவருக்கு வாக்களித்தவர்கள் வீணானார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காவல் பதவிக்கு எப்படிப்பட்டவர் நிற்க வேண்டும் என்பதற்கு அவர்கள் ஓர் அளவுகோலைக் கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் தயக்கத்துக்கே இடமில்லை. 2021 முதல் உட்கட்சித் தேர்தலிலும் சிறப்புத் தேர்தலிலும் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தி வாக்களிக்கலாம். உங்கள் முதல் விருப்பம் போட்டியிலிருந்து விழுந்தால், வாக்கு இரண்டாமவருக்குப் போகும்.

கே: அந்த முறை ஏன் வந்தது? (வாசகர், வேலூர்)

2013-ஐச் சொன்னால் புரியும். ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் பப்ளிக் அட்வகேட் வேட்பாளர் யாரும் வெல்லத் தேவையான 40 சதவீதத்தைத் தொடவில்லை. அந்த ஒரு பதவிக்காக நகரம் முழுக்க மறுபடி வாக்குச்சாவடி திறந்தார்கள். செலவு சுமார் 1.3 கோடி டாலர். அந்த அலுவலகத்தின் ஓராண்டு பட்ஜெட்டோ சுமார் 23 லட்சம் டாலர். வாக்களிக்க வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். 80 லட்சம் மக்களின் காவலரை இரண்டு லட்சம் பேர் முடிவு செய்தார்கள். வரிசைப்படுத்தி வாக்களித்தால் இப்படி மறுதேர்தல் தேவைப்படாது.

இதில் எனக்குக் கோபமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. கூட்டம் குறைவான தேர்தலில் உங்கள் வாக்கின் எடை அதிகம். உங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் பத்துப் பேரைக் கூட்டிப்போனால், அது ஒரு பிரசாரம்.

கே: என்னிடம் பெரிய பணம் இல்லை. நான் நன்கொடை கொடுத்து என்ன ஆகிவிடும்? (வாசகர், புரூக்ளின்)

250 டாலர் 2,250 ஆகும். நியூயார்க்வாசி ஒருவர் மேயர், கம்ப்ட்ரோலர், பப்ளிக் அட்வகேட் வேட்பாளருக்குத் தரும் முதல் 250 டாலரில் ஒவ்வொரு டாலருக்கும், நகரம் எட்டு டாலர் சேர்த்துத் தருகிறது. வேட்பாளர் அந்தத் திட்டத்தில் சேர்ந்து தகுதி பெற்றிருக்க வேண்டும், அவ்வளவே. பத்து டாலர் தந்தாலும் தொண்ணூறு டாலராகப் போய்ச் சேரும். நகரத்தோடு ஒப்பந்தத் தொழில் செய்பவர்களுக்கு உச்சவரம்பு 400 டாலர். அதற்கு எட்டு மடங்கு கிடையாது. சிறு கைகளுக்குப் பலம், பெரிய கைகளுக்குக் கடிவாளம்.

கே: க்ரீன் கார்டுதான் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்? (வாசகி, ஃப்ளஷிங்)

வாக்கு இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கும் நகரத் தேர்தலில் வாக்கு தந்த சட்டத்தை, 2025 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் க்ரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம். வேலை விசாவில் இருப்பவர்கள் பணம் தரக் கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம். கோயிலில் பார்க்கும் குடியுரிமை பெற்ற அக்காவிடம், “தேர்தல் என்றைக்குத் தெரியுமா அக்கா?” என்று கேளுங்கள். அதுவும் அரசியல்தான்.

கே: இப்படி ஒருவர் நமக்கு உண்டா? (வாசகர், சென்னை)

மக்கள் தேர்ந்தெடுக்கும் காவலர் இல்லை. 2014 சட்டப்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவம் உண்டு, நியமிப்பது அரசு. அதனால் நம் முதல் காவல், வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டும்போது நியூயார்க்கைப் பார்த்து நான் தலைநிமிர முடியவில்லை.

கே: வேட்பாளர் வாசலுக்கு வந்தால் என்ன கேட்பது? (வாசகர், குயின்ஸ்)

ஒரே கேள்வி போதும். “உங்கள் கட்சி மேயர் செல்வாக்கோடு இருந்தபோது, எதற்காக அவரை எதிர்த்தீர்கள்?” எதிர்க்கட்சிக்காரரை எல்லோரும் கேட்பார்கள். சொந்த வீட்டில் கேட்டவருக்கே இந்த மணி பொருந்தும்.

கே: நல்லவர் யாருமே ஜெயிக்காவிட்டால்? (வாசகி, பிராங்ஸ்)

நகர சாசனத்தின் 1109-ஆம் பிரிவைப் படியுங்கள். நகரக் கடமையில் தவறு நடந்ததாகக் கருதினால், நீதிபதி முன் பகிரங்க விசாரணை கேட்டு மனுப்போட மேயருக்கும் பப்ளிக் அட்வகேட்டுக்கும் உரிமை உண்டு. வரி கட்டும் குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்தாலும் அதே உரிமை உண்டு. 2014-ல் காவலர் பிடியில் இறந்த எரிக் கார்னருக்காக அவர் தாயும் மற்றவர்களும் இந்தப் பிரிவைப் பிடித்தே போராடினார்கள். 2021-ல் அந்த விசாரணை நடந்தது.

கன்றை இழந்த பசு இழுத்த கயிறு அது. உங்கள் தெருவில் ஐந்து பேர் இருப்பார்கள் அல்லவா?