எவன்வே இதில கை வச்சது?

திருநெல்வேலியில் பழைய புல்லட் வைத்திருப்பவனுக்குத் தனிமை என்பதே கிடையாது. வண்ணார்பேட்டையில் ஓரங்கட்டி, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து வந்துவிடும்.

"கார்பரேட்டர் செட்டிங்கா அண்ணாச்சி? ஏர் ஸ்க்ரூவ உள்ள விடுங்க."

"வெளிய எடுக்கச் சொல்லும்வே, புகை கருப்பால்லா வருது!"

இருவரிடமும் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர்.

என்னுடையது 1986 மாடல், திருவொற்றியூர்த் தயாரிப்பு. கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மிக்கார்ப் வி.எம்.24 கார்பரேட்டர். வேலை என்னவோ சுலபம்தான். சுத்தமல்லி வரை ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் திருப்பாக இப்படியும் அப்படியும். எங்கே இன்ஜின் தானாக வேகமெடுக்கிறதோ, அங்கே நிறுத்தி ஐட்லிங்கைக் குறைத்தால் தட்... தட்... தட்.

இரண்டு 'தட்'டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் பகை. டவுன் மெக்கானிக் வைத்துக்கொடுத்ததைக் கேட்டதும் பாளையங்கோட்டைக்காரர் நெற்றியில் அடித்துக்கொள்வார்: "எவன்வே இதில கை வச்சது?" மறுவாரம் இதே கேள்வி டவுனில்.

சாரல் காலத்தில் குற்றாலம் போய் வந்தேன். வண்டி முக்கியது. மெக்கானிக் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றிச் சாய்த்துக் காட்டினார். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர்த் துளிகள் ஒட்டாமல் உருண்டன. ஜெட் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான்.

"அல்வாவுக்குச் சேருத தண்ணி இதுக்குச் சேராதுல்லா."

இப்போது பங்கிலேயே பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்கு ஏற்ற காற்றளவு வேறு என்பது 1986 ஜெட்டுக்கு எப்படித் தெரியும்? காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய பிளக் வெளுத்துவிடுகிறது. ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், சரியாகும். அதே செட்டிங்கோடு மாஞ்சோலைக்கு ஏறிப் பாருங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று இளைப்பு, பிளக் அடுப்புக்கரி. ஆகவே செட்டிங் பண்ணுமுன் எந்த ஊருக்குப் போகிறோம் என்று முடிவு பண்ணிக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி புது புல்லட் வாங்கியிருக்கிறார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு கார்பரேட்டர் கதை முடிந்தது. பெட்ரோலை அளந்து பீய்ச்சுவதெல்லாம் கம்ப்யூட்டர். மலையேறினாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனுஷனுக்குத் திருப்ப ஒன்றும் இல்லை. துடைத்த வண்டியையே மறுபடி துடைத்துவிட்டு, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

"ஐட்லிங்ல லேசா இருமுதே வே?"

நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணவில்லை.