பவணந்தியார் பாரிசுக்குப் போன கதை

எங்கள் புதுச்சத்திரம் பக்கம் பிள்ளைகள் ப்ளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுப்பது பாரிசுக்குப் போவதற்கா? மார்க்குக்குத்தான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழை விடமுடியாது. அதைத் தாண்டியதும் பெரிய கும்பிடு. என் பேத்தியும் தாண்டினாள்.

“அப்புச்சி, இனிமே பகுபத உறுப்பிலக்கணமே இல்லீங்க!” என்று அவள் குதித்தபோது, ஆயுசெல்லாம் அதை நடத்தியே சம்பளம் வாங்கிய நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் பிரெஞ்சு நோட்டோடு வந்து நின்றாள். வினைச்சொல்லைப் பிரித்து வரச் சொன்னார்களாம். ‘நூ ஃபினிஸ்யோன்’, நாங்கள் முடித்துக்கொண்டிருந்தோம் என்று பொருள். எட்டிப் பார்த்தேன். ‘ஃபின்’ பகுதி. கடைசி ‘ஓன்’ தன்மைப் பன்மை விகுதி. அதற்கு முன்னால் ஒரு ‘இ’, இறந்தகால இடைநிலை. நடுவே ‘இஸ்’ என்று ஒன்று தனக்கென்று பொருளில்லாமல் நிற்கிறது. சாரியையேதான்! நம் சாரியை ‘வந்தனன்’ என்பதில் இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவே அடக்கமாக இருக்கும். இது பகுதியை ஒட்டியே ஏறி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

“அசையும் பிரிக்கோணுமாங்க அப்புச்சி.”

ஃபி-நி-ஸ்யோன். பகுதியின் தலை ஒரு துண்டில், வால் அடுத்த துண்டில். ‘ஸ்யோன்’ என்ற ஒற்றை அசைக்குள் சாரியையின் மிச்சமும் இடைநிலையும் விகுதியும் கூட்டுக்குடித்தனம். வெண்பாவை அலகிடும்போது தளைக்காகச் சொல்லை நடுவில் வெட்டுவோமே, அந்த வகையுளிதான். சொன்னதும் பேத்தி முறைத்தாள்.

விகாரமும் உண்டு. ‘வா’ ‘வ’ ஆனதற்கே வகுப்பில் கண்ணீர் விட்டவள் அவள். பிரெஞ்சில் ‘போ’ என்ற வினை, நான் போகிறேன் என்றால் ‘வே’, நாங்கள் போகிறோம் என்றால் ‘அலோன்’, நான் போவேன் என்றால் ‘ஈரே’. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள்கூட சேஸிஸை மாற்ற மாட்டார்கள்!

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். அவன் பேசுகிறான், ‘ஈல் பார்ல்’. அவர்கள் பேசுகிறார்கள், அதுவும் ‘ஈல் பார்ல்’. பன்மைக்கு இ, என், டி என்று முடிகிற விகுதியை எழுதுவார்கள்; வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். எழுதாவிட்டால் மட்டும் மார்க் போய்விடும். சொன்னபடி எழுதும் ‘ஆர்கள்’ எவ்வளவோ யோக்கியம்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைக்குப் பிரெஞ்சுப் புத்தகம் வாங்கும்போது கூடவே பவணந்தியாரின் நன்னூல் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பதவியல் பக்கத்தை மடித்து வையுங்கள்.